பதினான்காம் கட்டம்

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்று நாளாக ஒரே அறிக்கை. இன்னும் பதினோராவது கட்டத்தைத் தாண்டவில்லை.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதி வைக்கிறேன். என் மனைவி செண்பகவல்லி போன வருடம் பொங்கல் கழித்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இடியாப்பம் போட ஆரம்பித்தாள். முன்பு என் ஸ்கூட்டர் நின்ற இடம். ஸ்கூட்டர் இப்போது வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது. சிறுதொழில் ஊக்கத் திட்டம் என்று ஒன்றில் பேங்க் கடனும் அதன்மேல் மானியமும் கிடைத்தன. இடியாப்ப மெஷினும் ஸ்டீம் பெட்டியும் அப்படி வந்தவை. மானியம் சும்மா வருவதில்லை. மூன்று வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தொழில் எப்படி நடக்கிறது என்று இணையதளத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். தொடங்கிய வருடத்துக்கு விலக்கு; இதுதான் முதல் அறிக்கை. கொடுக்காவிட்டாலோ, நிபந்தனை எதையாவது மீறினாலோ மானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மானியத்தை எடுத்தால் பேங்க் மெஷினை எடுக்கும்.

அறிக்கையில் இருபத்தாறு கட்டங்கள். பத்து நிமிடம் கை வைக்காமல் இருந்தால் இணையதளம் வெளியே தள்ளிவிட்டு, முதலில் இருந்து நிரப்பு என்கிறது. பரீட்சை எழுதும் பையன் பேனாவை வைத்துவிட்டு யோசித்தால், அவன் விடைத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் கொடுப்பதுபோல. முப்பத்தாறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எந்தப் பையனுக்கும் நான் அதைச் செய்ததில்லை.

மத்தியானம் அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் போட்டுப் பாக்கட்டுமா? மெஷின் என் பேர்லதான இருக்கு."

"நீ மாவைப் பாரு. இது கணக்கு" என்றேன்.

போய்விட்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

படம். பெயர்ப்பலகையும் மெஷினும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். எடுத்த இடம் அதிலேயே பதிந்திருக்க வேண்டும். அளவு இருநூறு கேபிக்குள் இருக்க வேண்டும். எடுத்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அழகாக விழுந்தன. விழுந்த இடம் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகை. இருபது தப்படி நகர்ந்து நின்று எடுத்தால் இடம் சரியாக விழுகிறது, பெயர்ப்பலகை தெரியவில்லை.

கடைசியில் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் சாய்த்து வைத்து எடுத்தேன். அளவு நாலாயிரம் கேபி. அதைச் சுருக்கினால் "இடியாப்பம்" என்பது ஒரு கறுப்புப் பூச்சிபோலத் தெரிகிறது. இணையதளம் அதை ஏற்றுக்கொண்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று மனசுக்குத் திருப்தியான நாள். பதினான்காம் கட்டம்: "வேலைவாய்ப்பு (முழுநேரக் கணக்கில்)."

கொட்டகைக்கு நான்கு பெண்கள் வருகிறார்கள். பேச்சியம்மாள், ராஜகனி, ஜெபமணி, மாடத்தி. விடியற்காலை நான்கு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடுவார்கள். இடியாப்பம் காலைப் பண்டம். எட்டு மணிக்குமேல் டீக்கடைக்காரர்கூட வாங்க மாட்டார். பிறகு நால்வரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் அங்கே அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

படிக்காதவர் என்றால் நான்கு என்று போட்டிருப்பார். ஆனால் கேள்வி முழுநேரக் கணக்கு. ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம் பார்ப்பவர் அரை ஆள். பத்து ஆட்கள் ஒரு சுவரை எட்டு நாளில் கட்டினால் ஐந்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று எட்டாம் வகுப்பில் கேட்போமே, அதே கணக்கு. நான்கு அரை, இரண்டு.

2 என்று போட்டேன். அரசாங்கத்துக்கு உண்மையான எண்ணைக் கொடுத்ததில் ஒரு நிம்மதி.

நான் இதை எழுதும்போது மணி பதினொன்று. செண்பகவல்லி மூன்றரைக்கு எழுந்தவள், இப்போதுதான் கொட்டகையைக் கழுவி விட்டுவிட்டு, நாளை ஆர்டருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறாள். சாயந்திரத்துக்குள் அரிசியைக் கழுவிக் காயவைத்து மில்லுக்குப் போக வேண்டுமாம். சாப்பாடு ஒரு மணிக்குமேல்தான் ஆகும் போலிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

மதியம் 2.10க்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து என் பழைய லாகரிதம் புத்தகத்துக்குள் வைத்தேன்.

மே 19, திங்கள்

கடைவாய்ப் பல். டாக்டர் பிடுங்க வேண்டும் என்கிறார். ஜெபமணி மகள் பத்தாம் வகுப்பில் பாஸ்; லட்டு கொண்டுவந்தாள், என்னால் கடிக்க முடியவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்து எண்ணூறு இடியாப்பத்துக்கு ஆர்டர்.

ஜூன் 11, புதன்

பதிவுத்தபால். செண்பகவல்லி பெயருக்கு.

"தங்கள் அரையாண்டு அறிக்கையின்படி பணியாளர் எண்ணிக்கை நிபந்தனையில் உள்ள குறைந்தபட்ச அளவான மூன்றைவிடக் குறைவாக உள்ளதால், வழங்கப்பட்ட மானியத்தை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்பதற்கு ஜூலை 10க்குள் விளக்கம் அளிக்கவும்."

அவள் இரண்டு தடவை படித்தாள். கையெல்லாம் மாவு, கடிதத்தின் ஓரம் வெள்ளையாகிவிட்டது.

"நாலு பேரு இருக்காகளே. குறைவுன்னா என்ன அர்த்தம்? நீங்க எத்தனைன்னு போட்டீக?"

"இருக்கிறதைத்தான் போட்டேன்."

"அப்போ இது யாரு வேலை?"

"அந்த இணையதளத்தை நம்ப முடியாது. மாட்டுக்கொட்டகையைக் காட்டுன தளம்தானே" என்றேன்.

அது பொய் இல்லை. மாட்டுக்கொட்டகையைக் காட்டியது உண்மை.

ஜூன் 12, வியாழன்

வழிகாட்டு நெறிமுறைகளை அச்செடுத்துப் படித்தேன். நாற்பத்தொரு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: "பகுதிநேரப் பணியாளர் இருவரை ஒரு முழுநேரப் பணியாளராகக் கணக்கிடவும்." நான் போட்டது சரி! கணக்கு முறை முழுக்கச் சரி. யாரும் ஒரு மதிப்பெண் குறைக்க முடியாது.

அதற்கு அடுத்து இன்னொரு வரியும் இருக்கிறது.

கண் எரிகிறது. கண்ணாடியை மாற்ற வேண்டும். அச்செடுத்த தாள்களையும் லாகரிதம் புத்தகத்துக்குள் வைத்தேன். புத்தகம் மூட மாட்டேன் என்கிறது.

ஜூன் 16, திங்கள்

தொழில் உதவி அலுவலகத்துக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். ஒன்றரை மணி நேரம். தெருவில் எல்லோரும் ஒரே பேச்சு: "சாருக்கு என்ன, உள்ள அவர்கிட்ட படிச்ச பையன் எவனாவது இருப்பான், சொன்னா முடிஞ்சு போகும்." முப்பத்தாறு வருடத்தில் சுமாராக ஏழாயிரம் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அலுவலகத்தில் ஒருவன்கூட இல்லை.

"உங்ககிட்ட கணக்குப் படிச்சவன் எப்படி அந்தப் பரீட்சையில பாஸ் பண்ணுவான்?" என்றாள் செண்பகவல்லி. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

எழுத்தர் பெயர் அருளானந்தம். நல்ல மனிதர்தான், எதிரில் ஆள் உயரத்துக்குக் கோப்புகள். அவரிடம் அவள் பேசிய பேச்சு எனக்கே புதிது.

"உங்க கம்ப்யூட்டருக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா சார்? எங்க சார் கணக்கு வாத்தியார். ஒரு எண்ணு தப்பா எழுத மாட்டார். நாற்பது வருஷமா நான் பாக்கேன், பால்கணக்குகூட ரெண்டு தடவை கூட்டிப் பாப்பார்."

"அம்மா, நான் கம்ப்யூட்டரைச் செய்யலம்மா. அதுல என்ன வந்திருக்கோ அதுதான் எனக்குத் தெரியும்."

"அப்போ அதைக் காட்டுங்க."

"சர்வர் இல்லம்மா. மூணு மணிக்கு வரும்."

சுவரில் ஒரு காலண்டர். ஜூன் மாதம். அதில் எத்தனை முகூர்த்த நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து.

மூன்று மணி வரை நாங்கள் இருக்கவில்லை. கடைசி நேரடி பஸ் இரண்டே முக்காலுக்கு என்று நான்தான் சொன்னேன். நேரில் ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாக அருளானந்தம் சொன்னார். வந்து நான்கு பேரைப் பார்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அவள் சந்தோஷமாக வந்தாள். வழியில் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தாள், பல் வலிக்கு நல்லது என்று.

ஜூன் 24, செவ்வாய்

ஆய்வுக்கு ஆள் வந்தது காலை பதினொன்றரைக்கு. கொட்டகை கழுவிக் காய்ந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி மில்லுக்குப் போயிருந்தாள், நான் பல் டாக்டரிடம் இருந்தேன். கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: "ஆய்வின்போது தொழில் இயங்கவில்லை."

பால்காரன் வீட்டுக்கு மத்தியானம் போய்விட்டு, இவன் பால் ஊற்றுவதில்லை என்று எழுதினால் எப்படி?

"வேலை நேரம் என்னன்னு அறிக்கையில போட்டீகளா?" என்று கேட்டாள்.

அதற்குக் கட்டமே இல்லை. இருபத்தாறு கட்டத்தில் அது ஒன்று இல்லை. இந்தக் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடிந்ததில் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

ஜூன் 25, புதன்

பேச்சியம்மாள் ஒரு வழி சொன்னாள். "மதினி, ஆள்தான வேணும்? எங்க கொழுந்தியாளையும் அவ சினேகிதி ரெண்டு பேரையும் கூட்டியாரேன். பகல்ல வந்து வரிசையா நிப்பாளுக. போட்டோ எடுத்துட்டுப் போகட்டும்."

"நிஜமா வேலை பாக்குற நீங்க இருக்கும்போது சும்மா நிக்க ஒருத்தியா? எங்க வீட்டுக்காரர் பொய்க்கணக்குக் காட்டுனார்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுறதுக்கா?" என்றாள் செண்பகவல்லி.

என் பேரைக் காப்பாற்றுகிறாள்.

பல் பிடுங்கிய இடத்தில் இன்னும் ரத்தம் கசிகிறது. அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று பதினோரு மணிக்கு ஆய்வுக்கு வருவதாகப் போன் வந்திருந்தது. நான்கு பெண்களும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாமல், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். செண்பகவல்லி மெஷினை ஓட்டிக் காட்ட ஒரு படி மாவு தனியாகப் பிசைந்து வைத்தாள். பதினொன்று. பன்னிரண்டு. ஒன்றரைக்குப் போன்: வண்டி இல்லை, இன்னொரு நாள் வருகிறோம்.

பிசைந்த மாவு இறுகிவிட்டது. மாடத்தி எழுந்து சேலையை உதறினாள். "ஒரு நாள் கூலி போச்சு. போகட்டும் மதினி, மெஷின் இருந்தாச் சரி. இங்க வாரதுனாலதான் எம் புள்ளைகளை ஸ்கூலுக்கு ஆட்டோவுல விடுதேன்." நால்வரும் நல்ல சேலையோடு வெயிலில் போனார்கள்.

நான் ஸ்கூட்டரைத் துடைத்தேன். காக்கை எச்சம் லேசில் போவதில்லை.

ஜூலை 2, புதன்

தனியாக அலுவலகத்துக்குப் போனேன். கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

அருளானந்தம் விடுமுறை. ஆய்வுக்கு வர வேண்டியவர் இருந்தார். தில்ஷாத் பேகம், கள அலுவலர். முப்பது வயது இருக்கும். மூன்று ஒன்றியத்துக்கு அவர் ஒருவர்தானாம். அவரிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் போனேன். அதைச் சொல்வதற்காக பஸ்ஸில் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்திருந்தேன். எதிரில் உட்கார்ந்ததும் வாயில் வேறு வந்தது.

"அம்மா, அங்க வேலை நடக்கிறது விடியக்காலைல. நாலுல இருந்து எட்டு வரைக்கும். அந்த நேரம் வந்து பாத்தாத்தான் தெரியும்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்? நான் உங்க ஊர்தான். பள்ளிவாசல் தெரு. வெள்ளிக்கிழமை சுபுஹு தொழுதுட்டு நேரா அங்க வந்துட்டு, அப்புறம் பஸ் பிடிக்கிறேன்."

இவ்வளவுதான். இதற்கு மூன்று வாரம்.

எழுந்தபோது கேட்டார்: "வேற எதாவது இருக்கா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தேகாலுக்குத் தில்ஷாத் வந்தார். கொட்டகை முழுக்க ஆவி. ராஜகனி மாவை உருட்டிக் கொடுக்க, ஜெபமணி மெஷினில் பிழிய, மாடத்தி தட்டுகளை ஸ்டீம் பெட்டியில் அடுக்க, பேச்சியம்மாள் வெந்ததை எடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டினாள். செண்பகவல்லி வெந்நீர்ப் பதம் பார்க்கிறாள், அடுத்த மாவைப் பிசைகிறாள், டீக்கடைப் பையனிடம் நாற்பது கட்டு எண்ணிக் கொடுக்கிறாள், நடுவில் போனை எடுத்து "ஆறு மணிக்கு வந்துரும்" என்கிறாள். பதினெட்டு மாதமாக என் வீட்டுக்குப் பின்னால் நடப்பது. அந்த நேரத்தில் நான் அங்கே போய் நின்றது இதுதான் முதல் தடவை.

தில்ஷாத் படம் எடுத்தார். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டு இரண்டு இடியாப்பம் கொடுத்தார்கள், நின்றபடியே சாப்பிட்டார். பிறகு பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஆனா உங்க அறிக்கையில ரெண்டு பேர்னு போட்டிருக்கே?"

"அதான் மேடம், அந்தக் கம்ப்யூட்டர்ல..."

"இல்ல மேடம். கம்ப்யூட்டர் தானா எதுவும் போடாது. நிரப்புனவங்க அடிச்ச எண்தான் இது. பாருங்க."

தாளை நீட்டினார். செண்பகவல்லி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் விளக்கினேன். அரை நாள், அரை ஆள், நான்கு அரை இரண்டு. சுவர் கட்டும் கணக்கைக்கூடச் சொன்னேன். ஜெபமணி பிழிவதை நிறுத்திவிட்டு, "நான் அரை ஆளா சார்?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"முறை சரிதான். சார் சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கார்" என்றார் தில்ஷாத். "ஆனா உரிமையாளரையும் சேர்க்கணும். ஒன்பதாம் பக்கத்துல அடுத்த வரியிலயே இருக்கு. மேடம் முழுநேரம் பாக்குறாங்க. அது ஒண்ணு. சேர்த்திருந்தா மூணு. இந்த நோட்டீஸே வந்திருக்காது."

மெஷின் நின்றிருந்தது. ஸ்டீம் பெட்டி மட்டும் உஸ்ஸென்றது.

"என்னைய எத்தனைன்னு போட்டீக?" என்று கேட்டாள்.

பதில் அவள் கையில் இருந்த தாளிலேயே இருந்தது.

"அந்த வரியைப் பாத்தீகளா?"

"அப்புறம்தான் பாத்தேன்."

"எப்போ?"

"ஜூன்ல."

"ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

அவள் தாளைத் தில்ஷாத்திடம் மாவு படாமல் திருப்பிக் கொடுத்தாள். "தட்டை எடு பேச்சி. ஆறுது" என்றாள். வேலை மறுபடி ஓடத் தொடங்கியது.

தில்ஷாத் போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார். திருத்தக் கோரிக்கை என்று ஒன்று இணையதளத்தில் இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் போட வேண்டும். ஆய்வு அறிக்கையை அவர் சாதகமாகவே எழுதுவார். "காரணம்னு ஒரு கட்டம் வரும் சார். எல்லாரும் தட்டச்சுப் பிழைன்னுதான் போடுவாங்க. அது போதும்."

ஜூலை 5, சனி

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆள்-வேலை-நாள் கணக்குகள் ஆயிரமாவது போட்டிருப்பேன். சுவர் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், வயல் அறுத்தார்கள். அத்தனை கணக்கிலும் அந்த ஆட்களை வேலைக்குச் சொல்லி, கல்லும் மண்ணும் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, கடைசியில் இடத்தைக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் ஒருவர் வந்ததே இல்லை. எந்தப் பையனும் கேட்டதில்லை. நானும் நினைத்ததில்லை.

காபி பேச்சியம்மாள் கையில் வந்தது.

ஜூலை 6, ஞாயிறு

திருத்தக் கோரிக்கை. கட்டம் 14: பழைய எண் 2, புதிய எண் 3. காரணம்: நூற்றைம்பது எழுத்துக்குள்.

"தட்டச்சுப் பிழை" என்று அடித்தேன். சமர்ப்பித்தால் செண்பகவல்லியின் போனுக்கு ஓடிபி வரும்; அதைப் போட்டால்தான் போகும். அவள் முற்றத்தில் அரிசி காயவைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"ஓடிபி வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்லு."

"என்ன எழுதியிருக்கீக?"

சொன்னேன்.

அவள் அரிசியைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் ஆனது. இணையதளம் என்னை வெளியே தள்ளியது. அதைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மறுபடி முதலில் இருந்து. இந்த முறை: "பணியாளர் கணக்கீட்டில் உரிமையாளரின் எண்ணிக்கை விடுபட்டுவிட்டது." வாசித்துக் காட்டினேன்.

"அதுவா விடுபட்டுச்சு? யாரும் விடலையா?" என்றாள். போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது. எடுக்கவில்லை. பத்து நிமிடம்.

"பத்தாம் தேதி கடைசி. மெஷின் போயிரும் செண்பகம்" என்றேன்.

"தெரியும். மெஷின் என்னோடதுதான். போனா எனக்குத்தான் போகும். பதினெட்டு மாசம் மூணரைக்கு எந்திரிச்சது நான்தான். பொய் சொல்லி அதை வச்சுக்கணும்னா எடுத்துட்டுப் போகட்டும்." அரிசியில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "ஆபீஸ்ல அத்தனை பேரு முன்னால, எங்க சார் ஒரு எண்ணு தப்பா எழுத மாட்டார்னு சொன்னேனே. பக்கத்துல நின்னு காலண்டரைப் பாத்தீகளே."

அவள் அதைக் கவனித்திருக்கிறாள்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தேன். நூற்றைம்பது எழுத்து மிகவும் குறைவு என்று முதலில் தோன்றியது. எழுதி முடித்தபோது மிச்சம் இருந்தது.

"உரிமையாளர் என் மனைவி. அவர் செய்வதை நான் வேலையாகவே எண்ணவில்லை. அதனால் சேர்க்கவில்லை. தவறு என்னுடையது."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வெயிலில் திரை தெரியவில்லை. அவள் தன் நிழலை அதன்மேல் விழவைத்துப் படித்தாள். உதடு அசைய இரண்டு தடவை படித்தாள். பிறகு இடுப்பில் இருந்து போனை எடுத்தாள்.

"ஏழு" என்றாள். நான் அடித்தேன்.

"ஒண்ணு."

"நாலு."

"நாலு."

"சைபர்."

கடைசி எண்ணுக்குமுன் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஒம்பது."

போய்விட்டது.

"அரிசியைக் காக்கா கொத்தாமப் பாத்துக்கோங்க. மில்லுக்கு ஆள் சொல்லிட்டு வாரேன்" என்றாள். பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

மூன்றே முக்காலுக்கு எழுந்தேன். கட்டுப் போடத் தெரியவில்லை. பேச்சியம்மாள் சிரித்துவிட்டு, இரண்டு தடவை காட்டிக் கொடுத்தாள். ஆறு மணிக்கு இடுப்பு விட்டுப் போய்விட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

இணையதளத்தில் பார்த்தேன். கோரிக்கையின் நிலை: ஏற்கப்பட்டது. மானியம் தொடரும். காரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அருளானந்தமோ, வேறு யாரோ, அதைப் படித்திருப்பார்கள். படித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். மத்தியானம் பாயாசம் இருந்தது. அது ஆடி மாதத்துக்காகவாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அடுத்த அறிக்கை. இந்த முறை செண்பகவல்லியே நிரப்பினாள், ஒற்றை விரலால். என் வேலை, திரை அணையாமல் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு இடத்தில் தொடுவது. படம் மறுபடியும் மாட்டுக்கொட்டகையில் விழுந்தது. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. பழைய மூன்றைப்போல இருக்கக்கூடாதாம். மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டாள். எனக்கு ஆறு நாள் ஆனது.

பதினான்காம் கட்டத்தில் விரல் நின்றது.

"நாலு அரை ரெண்டு. நான் ஒண்ணு. மூணு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரியா வாத்தியாரே?"

ஜூலை ஏழில் இருந்து நான் தினமும் கொட்டகையில் கட்டுப் போடுகிறேன். நான்கில் இருந்து ஆறு. ஒரு நாள் விடவில்லை; பல் கட்டிய அன்றுகூட. எட்டில் இரண்டு, கால்.

"சரி" என்றேன்.

"மூணு" என்று அழுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். பதினைந்தில் பாதி தூரம் போய்விட்டு, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நேத்து நீங்க கட்டுன இருபதுல ஒன்பது கட்டு அவுந்துபோச்சுன்னு டீக்கடைக்காரர் சொன்னார். ஒழுங்காக் கட்டக் கத்துக்கோங்க. அடுத்த தடவை பாப்போம்."